பூனாகலை மலையில் துரைக்கு ஒரு சம்மன்

பண்டாரவளையிலிருந்து பூனாகலைப் பக்கம் நடக்கப் போகிறோம், வழி சொல்லுங்கள் என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் எனக்கு எழுதியிருக்கிறார்கள். வழி சொல்கிறேன். ஆனால் நான் அந்த மலையில் முதன்முதலாக ஏறியது இடம் பார்க்க அல்ல. 1960 நவம்பரில், ஒரு வெள்ளைக்காரத் துரையின் கையில் ஒரு தாளைக் கொடுப்பதற்காக ஏறினேன். இரண்டு நாள் பயணம். என் வாழ்க்கையில் நான் போன பயணங்களில் இதைவிட நல்லது இல்லை. ஆகவே வழியோடு சேர்த்துக் கதையையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஊர் சாவகச்சேரிப் பக்கம். பதுளைப் பிஸ்கால் கந்தோரில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. நீதிமன்றம் எழுதுகிற கட்டளைகளை உரியவர் கையில் கொண்டுபோய்ச் சேர்க்கிற அலுவலகத்துக்கு அந்தக் காலத்தில் பிஸ்கால் கந்தோர் என்று பெயர். வழக்கில் இழுக்கப்பட்டவருக்குச் சம்மன் கொடுப்பது என் வேலை. ரயிலில் போவேன், பஸ்ஸில் போவேன், மிச்சத்தை நடப்பேன். பசறையில் கடைக்காரர், வெலிமடையில் மரக்கறித் தோட்டக்காரர், எட்டாம்பிட்டியில் கொல்லர் என்று பலர் வாசலில் நின்றிருக்கிறேன். என்னைக் கண்டு முகம் மலர்ந்தவர் ஒருவரும் இல்லை. எத்தனை மணிக்கு எங்கே ஏறினேன், எத்தனை மைல் நடந்தேன் என்று டயறியில் எழுதியாக வேண்டும் என்பது கந்தோர் விதி. அந்த டயறி இன்னும் என்னிடம் இருப்பதால் கீழே வரும் நேரமும் தூரமும் சரியானவை.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் தலைமை எழுதுவினைஞர் என்னை மேசைக்குக் கூப்பிட்டார். அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான்.

“தம்பி, உந்தச் சம்மன் ரெண்டு தரம் ஆளில்லை எண்டு திரும்பி வந்திட்டுது. மூண்டாந்தரமும் வந்தால் கோட்டிலை வழக்கைத் தூக்கிப் போட்டிடுவினம். அந்தத் துரையும் மாதக் கடைசியிலை சீமைக்குப் போறாராம். உம்மாலை ஏலுமோ?”

“ஏலும் ஐயா” என்றேன். என்ன வழக்கு என்று அதற்குப் பிறகுதான் தாளைப் பிரித்துப் பார்த்தேன்.

வழக்காளியின் பெயர் அங்கம்மா. பூனாகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருபது வருடமாகக் கொழுந்து எடுத்தவர். எதிராளி அந்தத் தோட்டத்துப் பெரிய துரை, அதாவது தோட்டத்தை நடத்துகிற மனேஜர். வழக்கு ஒரு மாட்டைப் பற்றியது. புதிதாக வந்த துரை, அங்கம்மாவின் பசு தேயிலைக்குள் மேய்ந்தது என்று சொல்லி அதைக் கன்றோடு பிடித்துப் பங்களாவுக்குப் பின்னால் கட்டிவிட்டார். நான்கு மாதமாகப் பங்களாவில் அந்தப் பசுவின் பால். கேட்கப் போன அங்கம்மாவின் பெயரைச் செக்ரோலில், அதாவது வேலைக்காரர் பெயர் எழுதும் பதிவில், வெட்டிவிட்டார்கள். வேலையும் போயிற்று, லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் இருந்த அறையும் போயிற்று. பக்கத்துத் தோட்டத்தில் தங்கச்சி வீட்டில் இருந்துகொண்டு அவர் வழக்குப் போட்டிருந்தார். துரை கப்பல் ஏறினால் பசு இறைச்சிக்காரனுக்குப் போய்விடும் என்று தோட்டமே பேசிக்கொண்டது.

முன்னர் இரண்டு தடவையும் போனவர் கந்தோரில் எனக்கு மூத்தவர். சோம்பேறி அல்ல. தோட்டத்துக் கேட்டில் காவல்காரர் இருக்கிறார், காவல்காரர் கூண்டில் டெலிபோன் இருக்கிறது. பிஸ்கால் ஆள் வந்திருக்கிறான் என்று பங்களாவுக்கு மணி அடிக்கும். இவர் இரண்டு மைல் நடந்து பங்களாவைச் சேர்வதற்குள் துரையின் ஜீப் கீழ்ப் பாதையால் போய்விடும். “துரை கொழும்புக்குப் போய்விட்டார்” என்று சமையற்கார அப்பு கதவைச் சாத்துவார். இரண்டு தடவையும் இதே கதை.

இங்கே ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பசார் வீதியில் நான் தங்கியிருந்த அறையில், முன்னர் இருந்தவர் விட்டுப்போன ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடந்தது. அட்டையும் முதல் இருபது பக்கமும் இல்லை. அமெரிக்காவின் மேற்குப் பக்கம், குதிரையும் துப்பாக்கியும் ஆட்சி செய்த காலத்தில் பேர் வாங்கிய ஒரு சட்டக் காவலரின் வரலாறு அது. கிடைத்த பக்கங்களில் அவரை ‘மார்ஷல்’ என்றே எழுதியிருந்தார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

மார்ஷல் அடிமையாகப் பிறந்தவர். கறுப்பு மனிதர். உள்நாட்டுப் போர் நடந்தபோது எசமானிடமிருந்து தப்பி, செவ்விந்தியர் வாழ்ந்த பகுதிக்கு ஓடி, அவர்களோடு இருந்து அவர்களுடைய மொழிகளைப் பழகிக்கொண்டார். விடுதலை வந்த பிறகு நிலம் எடுத்துப் பயிர் செய்தார். அந்தப் பகுதி முழுவதும் கொள்ளைக்காரர் நிறைந்துபோய், ஊரும் பாதையும் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்று ஒரு நீதிபதி தேடியபோது இவரைச் சேர்த்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் அந்த வேலை செய்தார். என்னைப் பிடித்து நிறுத்தியது அவருடைய துப்பாக்கி அல்ல. அவருடைய வேலையில் பெரும்பகுதி என்னுடைய வேலைதான்: நீதிமன்றத் தாளைச் சுமந்துகொண்டு நாள்கணக்கில் போவது, ஆளைத் தேடுவது, கொடுப்பது. அந்த அறையில் படுத்துக்கொண்டு இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு ஓர் அங்குலம் அகன்றது என்றால் சிரிப்பீர்கள்.

சரி, பயணம்.

செவ்வாய்க்கிழமை காலை 8.20க்குப் பதுளையில் ரயில் ஏறினேன். மூன்றாம் வகுப்பு, ஒரு ரூபா பத்துச் சதம். பண்டாரவளை இருபது மைல் சொச்சம்தான், ஆனால் வண்டி மலை ஏறுவதால் ஒன்றேமுக்கால் மணி நேரம் எடுக்கும். தெமோதரையில் எல்லோரும் சன்னலுக்கு ஓடுவார்கள். நீங்களும் ஓடுங்கள். வண்டி ஸ்டேஷனுக்கு அடியில் உள்ள சுரங்கத்துக்குள் போய், மலையை ஒரு வட்டம் சுற்றி, அதே ஸ்டேஷனுக்கு ஏறி வருகிறது. நான் அன்றைக்கு ஓடவில்லை. ஒரு கை உள்பையில் சம்மனைத் தொட்டுக்கொண்டிருந்தது, மறு கையில் புத்தகம். மார்ஷல் கிழிந்த சப்பாத்தும் பழைய தொப்பியுமாக, நாடோடி போல வேடம் போட்டு, மைல்கணக்கில் நடந்துபோய் இரண்டு கொள்ளைக்காரரின் தாய் வீட்டிலேயே சோறு கேட்ட இடத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். எல்ல ஸ்டேஷன் வந்ததும் போனதும் தெரியாது.

10.05க்குப் பண்டாரவளை. ஆளை அடையாளம் காட்ட வழக்காளி கூட வர வேண்டும் என்பது வழக்கம். ஸ்டேஷன் வாசலில் நிற்பார் என்று அவருடைய பிரக்கிராசியார், அதாவது வழக்கறிஞர், சொல்லியனுப்பியிருந்தார். நாற்பது வயது மதிக்கத்தக்க பெண், மெலிந்த நெட்டை உருவம், தோளில் நான்காக மடித்த கம்பளி. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பிஸ்கால் ஐயா வரலீங்களா?”

“நான்தான் அக்கா.”

“அடக் கடவுளே. போன தடவை வந்தவருக்கு மீசையாவது இருந்துச்சுங்க.”

“மீசையைப் பாக்காதேங்கோ. பேப்பர் என்னட்டைத்தான் இருக்கு.”

அவர் சிரிக்கவில்லை. கம்பளிக்குள்ளிருந்து துணியில் சுற்றிய ரொட்டியை எடுத்துப் பாதியை என்னிடம் நீட்டினார். பூனாகலை பஸ் 12.30க்குத்தான். சந்தைக்கு எதிரே ஒரு வாங்கில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நல்ல குளிர். பண்டாரவளைக்கு முதல் தடவை போகிறவர்கள், பதுளையில் வியர்க்கிறது என்று சுவெற்றரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். நான் விட்டுவிட்டுப் போயிருந்தேன்.

பஸ்ஸில் ஐம்பத்தைந்து சதம், பதினொரு மைல், ஒரு மணி பத்து நிமிடம். வளைவுக்கு வளைவு ஓட்டுநர் ஹோர்ன் அடிப்பார், வளைவுக்கு வளைவு லீக்ஸ் கட்டுகள் காலில் உருளும். அங்கம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு தன் பசுவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். பெயர் செவலை. கன்றாக இருந்தபோது தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வழுக்கி விழுந்த அதைத் தோளில் தூக்கி வந்தவர். புருஷன் இறந்த வருடத்தில் வீட்டில் அடுப்பு எரிந்தது செவலையால்தான். பிறகு சட்டென்று கேட்டார்.

“ஐயா, அந்தக் கடுதாசியில என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். வாசிச்சனான்.”

“எனக்கும் தெரியும். பிரக்கிராசி ஐயாவோட கிளாக்கர் தமிழ்ல படிச்சுச் சொன்னாரு. இன்னொரு தரம் படிங்கன்னேன், படிச்சாரு. மூணாந்தரம் நான் சொன்னேன், அவரு பேப்பரைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. ஒரு சொல்லு பெசகல.”

“நீங்கள் பள்ளிக்கூடம் போனீங்களோ?”

“எனக்கு ஒரு எழுத்தும் தெரியாதுங்க.”

மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்தேன். மார்ஷலுக்கும் எழுத்துத் தெரியாது. அடிமைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதையே பல இடங்களில் குற்றமாக்கி வைத்திருந்த நாடு அது. பிடியாணைகளை யாரையாவது வாசிக்கச் சொல்லி மனத்தில் ஏற்றிக்கொண்டு, எந்தத் தாள் எவனுக்கு என்பதை அதன் தோற்றத்தை வைத்தே நினைவில் வைத்துக்கொண்டு புறப்படுவாராம். தவறான ஆளிடம் தவறான தாளை நீட்டியதே இல்லை என்று எழுதியிருந்தது. இதை அங்கம்மாவிடம் சொன்னேன்.

“அவருக்கு என்ன ஆச்சு கடைசியில?”

“கன காலம் வேலை செய்தார். ஒருக்கால் தன்ரை சொந்த மகனே கொலைக் குற்றத்திலை மாட்டினபோது, அந்தப் பிடியாணையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பிடிச்சுக்கொண்டு வந்தார்.”

“பெத்த மகனையா?”

“ஓம்.”

“அப்போ நம்ம தொரையெல்லாம் அவருக்கு எம்மாத்திரம்?” என்றார். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தது அப்போதுதான்.

பூனாகலையில் 1.40க்கு இறங்கினோம். அங்கிருந்து அங்கம்மாவின் தங்கச்சி இருக்கும் லயத்துக்கு நான்கு மைல், ஏற்றம். மழை தூறிக்கொண்டே இருந்தது. வானம் திறந்திருக்கும் நாளில் தெற்கே வெல்லவாயப் பக்கத்துச் சமவெளி முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கும். எனக்கு அன்று கிடைத்தது மூடுபனியும் அட்டைகளும்தான். 3.50க்கு லயம். தங்கச்சி வெந்நீர் வைத்து, காலில் உப்புத் தேய்த்து அட்டைகளை உதிர்த்துவிட்டார்.

அங்கேதான் திட்டம் போட்டோம். மூத்தவர் இரண்டு தடவையும் பங்களாவுக்குப் போனார். அதாவது துரை ஒளிந்துகொள்ளக்கூடிய இடத்துக்குப் போனார். துரை ஒளிந்துகொள்ள முடியாத இடம் எது என்று நான் கேட்டேன். அங்கம்மா யோசிக்கவே இல்லை.

“பெரட்டுக் களம்.”

பெரட்டு என்றால் காலையில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, இன்ன தேயிலை மலைக்கு இன்னார் என்று வேலைக்கு அனுப்புவது. அந்தத் துரை புதன்கிழமை தவறாமல் பெரட்டுக்கு வருவாராம். கேட்டுப் பக்கம் போகாமல், ஓடையோரமாகப் பின்மலை ஏறினால் இரண்டரை மைலில் களம். டெலிபோன் மணி அடிக்காது.

“ஆனா உங்க வெள்ளைச் சட்டை ஒரு மைலுக்குத் தெரியுமே, ஐயா.”

தங்கச்சி புருஷன் தன் கம்பளியை எடுத்துக் கொடுத்தார். மலைநாட்டில் மழைக்குத் தலையோடு போர்த்துகிற அந்தக் கறுப்புக் கம்பளியைப் போட்டுக்கொண்டு நின்றேன். மார்ஷலின் நாடோடி வேடம் நினைவுக்கு வந்து எனக்குச் சிரிப்பு வந்தது. மற்றவர்களுக்கு வரவில்லை. பெரட்டில் நிற்கப் போகிற சனங்களில் யாராவது காட்டிக்கொடுத்தால் அத்தோடு முடிந்தது. காட்டிக்கொடுக்காமல் இருந்தவர்களுக்கும் பின்னால் என்ன நடக்கும் என்று தெரியாது.

காலை 4.40க்குப் புறப்பட்டோம். ஓடையை இரண்டு இடத்தில் கடக்க வேண்டும். தண்ணீர் முழங்கால் மட்டும். அங்கம்மா முன்னால், வெறுங்காலோடு, ஏணி ஏறுவதுபோல ஏறிக்கொண்டிருந்தார். நான் இரண்டு தடவை விழுந்தேன். சம்மனை மெழுகுத்தாளில் சுற்றி, பனியனுக்குள் வைத்துக் கட்டியிருந்ததால் அது மட்டும் நனையவில்லை. 5.50க்குத் தொழிற்சாலைக்குப் பின்னால் வந்து சேர்ந்தோம்.

களத்தில் இருநூறு பேர் இருப்பார்கள். ஆண்கள் ஒரு பக்கம், கூடையோடு பெண்கள் ஒரு பக்கம். நான் கம்பளியோடு போய் ஆண்கள் வரிசையின் கடைசியில் நின்றேன். பக்கத்தில் நின்றவர் என் சப்பாத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பெண்கள் வரிசையில் அங்கம்மா நுழைவதைப் பார்த்தார். அரை அடி முன்னால் நகர்ந்து என்னை மறைத்துக்கொண்டார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

6.05க்கு ஜீப் வந்தது. துரை இறங்கினார். சிவந்த முகம், காக்கிக் காற்சட்டை, கையில் பிரம்பு. தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டக்டரும் பெரிய கிளாக்கரும் பின்னால் வந்தார்கள். வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தவர் என் முன்னால் நின்றார். பிரம்பால் என் சப்பாத்தைத் தொட்டார்.

“இது யார், புது ஆளா?” என்று கண்டக்டரிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

கம்பளியைக் கழற்றினேன். சம்மனை எடுத்து, நான் பதுளைப் பிஸ்கால் கந்தோர் உத்தியோகத்தன், இது உங்களுக்கு என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

துரை இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். “பெரிய துரை லீவில் இருக்கிறார். நான் அவர் இல்லை” என்றார், அதே ஆங்கிலத்தில், கண் சிமிட்டாமல்.

தோட்டத்தின் பெரிய துரை தன் பெரட்டில் நின்றுகொண்டு, தான் அந்தத் தோட்டத்துத் துரை இல்லை என்கிறார். பிறகு என்ன தோன்றியதோ, சனங்களைப் பார்த்து உரக்கத் தமிழில் சொன்னேன்: “தான் பெரிய துரை இல்லை எண்டு இவர் சொல்லுறார்!”

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அது வரிசை வரிசையாகப் பரவியது. துரைக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். முகம் இன்னும் சிவந்தது.

“எல்லாம் மலைக்குப் போ! இது ஒண்ணும் இல்ல, வேற தோட்டத்துக் கடுதாசி!” என்று கத்தினார்.

அங்கம்மா வரிசையிலிருந்து வெளியே வந்தார். நேராக நடந்து துரைக்கு மூன்று அடி முன்னால் நின்று, கையை நீட்டிக் காட்டினார்.

“இவருதாங்க.”

வாங்க மறுத்தால், தாளில் உள்ளதை எதிராளிக்குக் கேட்கச் சொல்லிவிட்டு முன்னால் வைத்துவிடலாம், அது கொடுத்ததற்குச் சரி என்று தலைமை எழுதுவினைஞர் எனக்குச் சொல்லித் தந்திருந்தார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அங்கம்மா தொடங்கிவிட்டார். தாளைப் பார்க்கவில்லை. துரையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். வழக்கு இலக்கத்தைச் சொன்னார். தன் பெயரையும் தகப்பன் பெயரையும் சொன்னார். துரையின் முழுப் பெயரை, ஆங்கிலப் பெயர் மூன்றையும், ஒன்றும் விடாமல் சொன்னார்.

“செவலை நிறம், நெத்தியில வெள்ளை, வலது காதுல பிளவு உள்ள பசு ஒண்ணும், அதோட கெடேரிக் கன்னு ஒண்ணும், வழக்காளிக்குச் சொந்தமானது, எதிராளி தன்னோட பங்களா வளவுல நியாயமில்லாம பிடிச்சு வச்சிருக்கிறதால, அதைத் திருப்பித் தரும்படி வழக்காளி கேக்குறதுக்கு, எதிராளி இந்த மாசம் இருபத்தி நாலாந்தேதி காலையில ஒம்பது மணிக்குப் பதுளைக் கோட்டுல வந்து பதில் சொல்லணும்!”

குரல் எங்கும் உடையவில்லை. நான் மடிப்பைப் பிரித்து ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் சரிபார்த்துக்கொண்டு நின்றேன். இலக்கம் சரி. தேதி சரி. காது சரி.

“மலைக்குப் போ!” என்றார் துரை மறுபடியும். ஒருவரும் நகரவில்லை. பெண்கள் வரிசையில் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: “ஆமாங்க, அது அங்கம்மா மாடுதாங்க.” யார் என்று கண்டக்டர் எட்டிப் பார்த்தார். அதற்குள் வேறொரு குரல், பிறகு ஆண்கள் பக்கத்தில் ஒன்று. என்னை மறைத்து நின்றவரும் சொன்னார். “அங்கம்மா மாடுதான்! அங்கம்மா மாடுதான்!” என்று களம் முழுவதும் எழுந்தது. தொழிற்சாலைத் தகரச் சுவரில் மோதித் திரும்பி வந்தது.

பெரிய கிளாக்கர் துரையின் காதருகே போய் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது: “சார், இருநூறு சாட்சி.”

துரை கையை முன்னால் எடுத்தார். சம்மனை வாங்கினார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். நான் மணிக்கூட்டைப் பார்த்து டயறியில் எழுதினேன்: 6.14. கீழே ‘நேரில் கொடுக்கப்பட்டது’.

திரும்பும்போது பின்மலையால் இறங்கவில்லை. தோட்டத்துப் பெரிய பாதையால், நடுப் பாதையில், இரண்டு மைல் நடந்து முன் கேட்டுக்கு வந்தோம். காவல்காரர் கூண்டிலிருந்து ஓடிவந்தார்.

“ஐயா யாரு? எப்ப உள்ள போனீங்க?”

“எப்படிப் போனோம்னு அப்புறம் கேளுண்ணே, இப்பக் கேட்டைத் தொற” என்றார் அங்கம்மா.

அவர் திறந்தார். இரண்டு கதவையும், லொறிக்குத் திறப்பதுபோல, அகலத் திறந்தார்.

இருபத்துநான்காம் தேதி நான் கோட்டில் இருந்தேன். வேலையாக அல்ல, லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். துரை வரவில்லை, அவருடைய பிரக்கிராசி வந்தார். இருநூறு பேர் முன்னால் வாங்கிய சம்மனை வாங்கவில்லை என்று சொல்ல முடியாது, மாடு யாருடையது என்பதற்கும் அதே இருநூறு பேர். பசுவையும் கன்றையும் உடனே கொடுக்கச் சம்மதம் என்று எழுந்து நின்று சொன்னார். பதினைந்து நிமிடம்கூட எடுக்கவில்லை.

ஆனால் எனக்கு இன்றுவரை காதில் நிற்பது அதற்கு முந்திய நிமிடம். 1948இல் வந்த சட்டத்தோடு அங்கம்மாவுக்கு இந்த நாட்டில் குடியுரிமை இல்லாமல் போயிற்று. இங்கேயே பிறந்தவர். ஆனாலும் வாக்குச்சாவடிப் பக்கம் போக முடியாது. எந்தக் கந்தோர்ப் படிவத்திலும் அவருக்கு ஒரு கட்டம் இல்லை. அன்று கோட்டு வாசலில் சேவகர் வந்து நின்று, அங்கம்மா, அங்கம்மா, அங்கம்மா என்று மூன்று தரம் உரக்கக் கூப்பிட்டார். பிரக்கிராசிகளும் பொலிஸ்காரரும் வழிவிட்டார்கள். அவர் கூட்டத்தைக் கடந்து போய் நின்று, “இருக்கேங்க” என்றார். மார்ஷலின் கதையில் கடைசி அத்தியாயம் துக்கமானது: அவர் காத்த பகுதியைப் புதிய மாநிலமாக்கிய பிறகு, புதிய சட்டம் கறுப்பு மனிதர்களைத் தள்ளி வைத்தது, அந்த வேலை அவரை விட்டுப் போயிற்று. கிழவயதில் ஒரு சிறு பட்டணத்துத் தெருவில் சாதாரணப் பொலிஸ்காரராகப் பிரம்போடு சுற்றினார். சட்டம் இரண்டு விதமாகவும் இருக்கும் என்பதை அந்த மனிதர் அறிந்திருப்பார். அங்கம்மாவும் அறிந்திருந்தார். அன்று அது அவர் பக்கம் நின்றது. நிற்க வைத்தவர் அவர்.

பசுவை ஒப்படைக்கிற கட்டளையையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். இந்தத் தடவை கேட்டில் டெலிபோன் மணி அடித்தது; அடிக்கட்டும் என்று நடந்தேன். பங்களாவுக்குப் பின்னால் செவலை நின்றது. நெற்றியில் வெள்ளை, வலது காதில் பிளவு, பக்கத்தில் கன்று. அங்கம்மா கையை நீட்டினார். பசு முகர்ந்து பார்த்தது, முழங்கை மட்டும் நக்கியது, பிறகு கயிற்றுக்குக் காத்திராமல் அவருக்கு முன்னால் நடக்கத் தொடங்கியது. மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கண்டுவிட்டார்கள். “செவலை போகுதுடி!” என்று ஒருத்தி கத்த, அடுத்த மலையில் இன்னொருத்தி வாங்கிக் கத்த, மலைக்கு மலை அந்தக் கூச்சல் எங்களுக்கு முன்னால் ஓடியது. லயத்துக்குப் போய்ச் சேரும்போது தங்கச்சி ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றார். பசுவுக்கும் கன்றுக்கும் பொட்டு வைத்தார். வேண்டாம் வேண்டாம் என்றேன், எனக்கும் வைத்தார்.

அங்கம்மாவின் பெயரை அந்தத் தோட்டத்தில் திரும்ப எழுதவில்லை. தங்கச்சி தோட்டத்தில் எழுதிக்கொண்டார்கள். “அந்தத் தொரையையே கோட்டுக்கு இழுத்த அம்மாவா?” என்று அங்கே கங்காணி கேட்டாராம், கொஞ்சம் பயத்தோடு. நான் பதுளையில் இருந்த மிச்சம் ஆறு வருடத்தில் பூனாகலைப் பக்கம் எந்தச் சம்மன் வந்தாலும் என் கையில்தான் தருவார்கள்.

இனி நீங்கள் கேட்டது. பதுளையிலிருந்து ரயிலில் வருவதானால் புறப்படுவதற்கு முந்திய நாளே வண்டி ஓடுகிறதா என்று ஸ்டேஷனில் விசாரியுங்கள்; மழைக்காலத்தில் பாதை அடைபடும். நேரமும் கட்டணமும் என் டயறியில் உள்ளவை அறுபது வருடத்துக்கு முந்தியவை, தூரம் மட்டும் மாறவில்லை. பண்டாரவளையில் பூனாகலை பஸ் எப்போது என்று கேட்டு, சன்னலோரம் இடம் பிடியுங்கள். ஒக்டோபர், நவம்பர் வேண்டாம். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை வானம் தெளிவு. உப்பும் சவர்க்காரத் துண்டும் அட்டைக்கு. மழை விட்ட மறுநாள் ஓடைப் பாதைகளில் ஏறாதீர்கள். கொஸ்லந்தைப் பக்கம் இறங்கினால் மீரியபெத்தையில் 2014இல் மலை சரிந்து லயங்களை மூடிய இடம் வரும். அங்கே சத்தம் போடாமல் நில்லுங்கள், படம் எடுக்க வேண்டாம்.

தேயிலைக்குள் போகும் பாதைகள் தோட்டத்துக்குச் சொந்தமானவை. கேட்டில் சொல்லிவிட்டு, நேர்வழியாகவே போங்கள். மலையில் வேலை செய்கிறவர்களைக் கண்டதும் கமராவைத் தூக்காதீர்கள். முதலில் பெயரைக் கேளுங்கள். பெயர் சொல்லிவிட்டு உங்கள் ஊரைக் கேட்பார்கள். ஊரைச் சொன்னால் அங்கே அவர்களுக்குத் தெரிந்த யாரையாவது விசாரிப்பார்கள். அதற்குள் வெயில் ஏறிவிடும், சாப்பிட்டுவிட்டுப் போங்க என்பார்கள். சாப்பிடுங்கள். பண்டாரவளைக்குக் கடைசி பஸ் போய்விட்டாலும், படுக்க ஒரு பாய் அந்த மலையில் உங்களுக்குக் கிடைக்கும்.